துறைமுக வெளிச்சத்தில் சனி வளையம்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இரவு வானம் முழுதாகக் கறுப்பதே இல்லை. துறைமுகத்தின் கோபுர விளக்குகளும் கன்டெய்னர் யார்டுகளும் மணலி ஆலைகளும் சேர்ந்து பால்வீதியை மறைத்துவிட்டன. ஆனால் நிலா, வியாழன், சனி ஆகியவை இந்த வெளிச்சத்துக்கு அடங்குபவை அல்ல. திருவொற்றியூர் இருப்பது சுமார் 13 பாகை வட அகலாங்கில். அதனால் வியாழனும் சனியும் உச்ச உயரத்துக்கு வரும்போது இங்கே எப்போதும் 50 பாகைக்கு மேல் நிற்கும். 2018இல் லண்டனில் சனி ஏறிய உச்சமே சுமார் 16 பாகைதான். கோள் உயர உயர, அதன் ஒளி கடக்கும் காற்று குறையும். பிம்பமும் குறைவாகவே கலங்கும்.

அப்படியும் மொட்டைமாடித் தொலைநோக்கியில் சனி மங்கலாகத் தெரிந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அதன் கண்ணாடியின் கோணத்தை.

எதிரொளிப்புத் தொலைநோக்கியை நியூட்டன் 1668இல் செய்தார். குழாயின் அடியில் இருக்கும் குழிக்கண்ணாடி ஒளியைத் திரட்டி மேலே அனுப்பும். வாயருகே 45 பாகை சாய்ந்த சிறு தட்டைக் கண்ணாடி அதைப் பக்கவாட்டில் உள்ள கண்வில்லைக்குத் திருப்பும். 150 மில்லிமீட்டர் கண்ணாடி, இருளில் விரிந்த கண்மணியைப் போல 450 மடங்கு ஒளியைச் சேர்க்கும். ஜவ்வாது மலைக் காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வேணு பாப்பு தொலைநோக்கியும் குழிக்கண்ணாடியை நம்பியதுதான்.

பரவளைய வடிவக் கண்ணாடி தன் மைய அச்சில்தான் குறையில்லாத பிம்பம் தரும். அச்சு விலகினால் நட்சத்திரத்துக்கு வால் முளைக்கும். குவியத்தூரம் விட்டத்தைப் போல 8 மடங்கு இருந்தால் நல்ல பிம்பம் விழும் வட்டம் சுமார் 11 மில்லிமீட்டர். 5 மடங்கானால் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. மாடிப்படியில் தூக்கிப்போகும் அதிர்வே கண்ணாடிகளின் நேர்நிலையைக் குலைக்கப் போதும். இதைச் சரிசெய்வதுதான் காலிமேஷன்.

கண்வில்லையை எடுத்துவிட்டு, நடுவில் துளையிட்ட மூடியைப் பொருத்திப் பாருங்கள். சிறு கண்ணாடி வட்டமாக, நடுவில் தெரிய வேண்டும். பிறகு அதன் சிறு திருகுகளைத் திருப்பி, பெரிய கண்ணாடி முழுதும் அதற்குள் மையமாகத் தெரியச் செய்யுங்கள். கடைசியாகக் குழாயின் அடியில் உள்ள மூன்று திருகுகள்: பெரிய கண்ணாடியின் நடுவில் ஒட்டிய வளையத்துக்குள் மூடித்துளையின் பிம்பம் வந்து உட்காரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும்.

இறுதிச் சோதனை வானத்தில். ஒரு நட்சத்திரத்தைக் காட்சியின் நடுவில் வைத்து, குவியத்தைச் சற்றே கலையுங்கள். ஒரே மையமுள்ள வளையங்கள் தெரிந்தால் வேலை முடிந்தது. ஒரு பக்கம் நெருங்கினால் அடித்திருகுகளை இன்னும் இம்மியளவு திருப்புங்கள். இந்தச் சோதனைக்கு வசதியான, நகராத துருவ நட்சத்திரமோ நமக்கு வெறும் 13 பாகை உயரத்தில், எண்ணூர்ப் பக்கத்துப் புகையில் கிடக்கிறது. பனிக்காலத்தில் ரோகிணியும் கோடையில் சுவாதியும் தலைக்கு மேலே வருவதால் அவையே நல்ல துணை.

சிமென்ட் தரை பகல் வெப்பத்தை மெல்லத்தான் விடும். கண்ணாடியும் ஆறட்டும் என்று அரைமணி முன்பே வெளியே வையுங்கள். உப்புக்காற்றும் நிலக்கரிச் சாம்பலும் படியாமல் மூடி வையுங்கள். துணியால் துடைக்கவே கூடாது. அலுமினியப் பூச்சு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமன்தான். சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பாதீர்கள்.

2025இல் விளிம்பை மட்டும் காட்டிய சனியின் வளையம் இனி 2032 வாக்கில்தான் முழுதாக விரியும். காசினி 1675இல் கண்ட அதன் கருப்பு இடைவெளி, காற்று அமைதியான இரவில் 150 மில்லிமீட்டர் தொலைநோக்கிக்கே எட்டும். தண்டையார்பேட்டைப் பள்ளி மாடியிலிருந்தும் பிள்ளைகள் அதைப் பார்க்கலாம். பெரிய கருவி வேண்டியதில்லை. இருக்கிற கருவியின் கண்ணாடியை நேராக்கத் தெரிந்த ஓர் ஆசிரியர் போதும்.