மூப்பும் எலும்பும்

வயோதிகர் ஒருவர் கால் இடறி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையாய்க் கிடந்தால், "வயதாகிவிட்டது, என்ன செய்வது?" என்று சொல்லி அமைகின்றனர் நம்மவர். இதை விதியென்று ஒப்புக்கொள்ள நாம் சித்தமாயில்லை.

எலும்பு கல்லன்று; உயிருள்ள பொருள். பழைய எலும்பை அரித்தெடுக்கும் அணுக்களும், புதியதைக் கட்டும் அணுக்களும் இடையறாது வேலை செய்வதால், வளர்ந்த மனிதனின் எலும்பில் ஏறக்குறைய நூற்றுக்கு 10 பங்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. நடுவயதுக்குமேல் வரவினும் செலவு மிஞ்சுகிறது. மஜ்ஜையிலுள்ள மூல அணுக்கள், எலும்பைக் கட்டுவனவாக மாறாமல் கொழுப்பணுக்களாகி விடுகின்றன. ஸ்திரீகளுக்கோ மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குன்றுவதால், அரிக்கும் அணுக்களுக்குக் கடிவாளமே இல்லை. ஆடவர் தப்பினோமென்று மகிழ வேண்டாம்; அவர்கள் முறை சற்றுத் தாமதித்து வரும்.

இவ்விரண்டிற்கும் மேலாக, எலும்பினுள் புதைந்துள்ள மூன்றாவது வகை அணுக்களே கவனிக்கத்தக்கவை. எலும்பின்மீது விழும் பாரத்தை உணர்வன இவையே. பாரம் குறைந்தால் ஸ்கிளெரோஸ்டின் என்னும் பொருளை மிகுதியாய்ச் சுரந்து, கட்டும் வேலையைத் தடுத்து விடுகின்றன. சுமைக்கேற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்ளுமென்று ஜெர்மானிய வைத்தியர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-லேயே நூல் எழுதினார். இதற்கு அத்தாட்சி விண்வெளியிலும் கிடைத்தது. எடையின்றி அங்கு மாதக்கணக்கில் தங்கிய திடகாத்திரர்கள், இடுப்பெலும்பின் திண்மையில் மாதந்தோறும் நூற்றுக்கு 1 முதல் 1.5 பங்கு வரை இழந்தனர்.

நம் இல்லங்களில் நடப்பதென்ன? பெரியவர்களை ஒரு வேலையும் செய்யவிடாமல் நாற்காலியில் அமர்த்துவதே மரியாதையென்று எண்ணுகிறோம். அன்பினாற் செய்யும் இக்காரியமே அவர்கள் எலும்பைக் கரைக்கிறது. அவர்கள் நடக்கட்டும், இயன்றவர் படியேறட்டும், வைத்தியர் யோசனைப்படி சிறு பளுவும் தூக்கட்டும்.

வயது வந்தோருக்கு நாளொன்றுக்குச் சுண்ணாம்புச் சத்து 1,000 மில்லிகிராம் வேண்டுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் நிர்ணயித்தது. ஏழைத் தானியமென்று நாகரிகர் ஒதுக்கிய கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேலேயே உண்டு! அச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் 'டி' வேண்டும். வெயில் நாட்டிற் பிறந்தும் அறைக்குள் அடைந்து கிடப்போருக்கு அது வாய்ப்பதில்லை. புகையிலையும் மதுவும் எலும்புக்குப் பகை.

மருந்துகளும் இல்லாமலில்லை. அரிக்கும் அணுக்களை அடக்கும் அலெண்ட்ரோனேட் 1995-லும், ஸ்கிளெரோஸ்டினையே தடுக்கும் ரோமோசோசுமாப் 2019-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. பின்னது, அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்களுக்கு ஆகாது. எனவே மருந்தை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். ஆனால் சிறு இடறலில் மணிக்கட்டு முறிந்தவர், கட்டுப் போட்டதோடு வீடு திரும்பாமல், எலும்பின் திண்மையை அளக்கும் பரிசோதனையைத் தாமே கேட்டுப் பெறலாம்.