கடன் அட்டை வெகுமதி: கொடுப்பவர் யார், பெறுபவர் யார்?

அமெரிக்காவில் புதிதாகக் கடன் அட்டை பெற்று, முதல் மூன்று மாதங்களுக்குள் குறிப்பிட்ட தொகையை அதன் வழியே செலவிடுவோருக்கு, வங்கிகள் பல நூறு டாலர் மதிப்புள்ள வெகுமதியை வழங்குகின்றன. சேர்க்கை போனஸ் எனப்படும் இந்தத் தொகையை ஒரு வங்கியில் பெற்றதும் அடுத்த வங்கியில் விண்ணப்பித்து, தேவை முடிந்த அட்டைகளை மூடிவிட்டு, ஆண்டு முழுவதும் இதையே ஓர் உபரி வருவாயாக ஆக்கிக்கொண்டவர்கள் அந்நாட்டில் உண்டு; இப்பழக்கத்தை அங்கே 'சர்னிங்' என்கிறார்கள். இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, வங்கி அதை ஏன் தருகிறது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பவற்றை அறிந்த பின்னரே, இவ்வழி தமக்கு ஏற்றதா என்பதை ஒருவர் முடிவு செய்ய இயலும்.

பணம் வரும் வழி

கடையில் 100 டாலருக்குப் பொருள் வாங்கும் ஒருவர் கடன் அட்டையால் பணம் செலுத்தும்போது, கடைக்காரரின் கணக்கில் அந்த 100 டாலர் முழுமையாக வரவாவதில்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ 2 டாலர் கட்டணமாகக் கழிக்கப்படுகிறது. அதில் பெரும்பகுதி, அட்டையை வழங்கிய வங்கிக்குப் போய்ச் சேர்கிறது. வங்கிக்குச் சேரும் இந்தப் பங்குக்கு 'இன்டர்சேஞ்ச்' கட்டணம் என்று பெயர். வாடிக்கையாளருக்கு வங்கி திருப்பித் தரும் ஒன்று அல்லது இரண்டு விழுக்காட்டுப் பணமும், விமானப் பயணத்துக்கோ விடுதி வாடகைக்கோ மாற்றிக்கொள்ளத்தக்க புள்ளிகளும் முதன்மையாக இந்த ஊற்றிலிருந்தே பிறக்கின்றன.

இந்தத் தொடர்பைச் சட்டங்களின் விளைவுகளே தெளிவாகக் காட்டுகின்றன. அமெரிக்க நாடாளுமன்றம் 2010இல் இயற்றிய நிதிச் சீர்திருத்தச் சட்டத்தின் ஒரு பிரிவு, பெரிய வங்கிகளின் டெபிட் கார்டுகளுக்கான இன்டர்சேஞ்ச் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதித்தது. 2011 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்ததையொட்டி டெபிட் கார்டு வெகுமதிகள் பெரும்பாலும் மறைந்தன, வரம்புக்கு உட்படாத கடன் அட்டைகளின் வெகுமதிகள் தொடர்ந்து வளர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் தனிநபர் கடன் அட்டைகளுக்கான கட்டணத்தை 0.3 விழுக்காட்டுக்குள் அடக்கியதால், அமெரிக்காவில் கிடைப்பதுபோன்ற பெரிய போனஸ்களை அங்கு காண்பது அரிது. இந்தியாவிலும் இதே கணக்கே செல்லுபடியாகிறது: வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகச் செய்யும் யூபிஐ பரிமாற்றத்துக்கு 2020 ஜனவரி முதல் வணிகர்களிடம் கட்டணம் வசூலிக்கப்படுவதில்லை என்பதால், அதில் வெகுமதியாகப் பகிர்வதற்கு வங்கியிடம் நிலையான வருவாய் எதுவும் இல்லை.

வங்கிக்கு இரண்டாவது ஊற்று வட்டி. மாதக் கணக்கு வந்ததும் முழுத் தொகையையும் கெடு நாளுக்குள் கட்டுபவர் வட்டியே செலுத்துவதில்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி மீதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளுபவர், அமெரிக்காவில் இன்று ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வட்டியைச் சுமக்கிறார். போனஸை நாடி வருவோரில் ஒரு பகுதியினர் இந்த இரண்டாம் வகையினராக மாறிவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பும், எஞ்சியோர் பல ஆண்டுகள் தங்கி ஆண்டுக் கட்டணமும் இன்டர்சேஞ்ச் வருவாயும் ஈட்டித் தருவார்கள் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்தே சேர்க்கை போனஸின் அளவைத் தீர்மானிக்கின்றன.

போட்டியின் உச்சம்

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1981இல் அடிக்கடி பறப்போருக்கான மைல் திட்டத்தைத் தொடங்கியதும், 1986இல் அறிமுகமான டிஸ்கவர் அட்டை செலவின் ஒரு பகுதியைப் பணமாகத் திருப்பித் தந்ததும், 1987இல் சிட்டி வங்கி விமான மைல்களைக் கடன் அட்டையோடு இணைத்ததும் இவ்வழக்கத்தின் தொடக்கப் படிகள். அதன் உச்சத்தைச் சேஸ் வங்கி 2016 ஆகஸ்டில் வெளியிட்ட சஃபையர் ரிசர்வ் அட்டையில் காணலாம். ஆண்டுக் கட்டணம் 450 டாலர்; மூன்று மாதங்களில் 4,000 டாலர் செலவிட்டால் 1,00,000 புள்ளிகள்; வங்கியின் பயணத் தளத்தில் அவற்றின் மதிப்பு 1,500 டாலர்; இவற்றோடு ஆண்டுதோறும் 300 டாலர் பயணச் செலவையும் வங்கியே ஈடுசெய்தது. விண்ணப்பங்கள் குவிந்ததில் உலோக அட்டைகளின் கையிருப்பே தீர்ந்துபோயிற்று. இந்த அட்டையால் அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டு லாபம் 20 முதல் 30 கோடி டாலர் வரை குறையும் என்று வங்கியின் தலைவர் ஜேமி டைமன் அறிவித்தார். 2017 ஜனவரியில் போனஸ் பாதியாகக் குறைக்கப்பட்டது.

வங்கிகள் தற்காப்பு விதிகளையும் வகுத்துக்கொண்டன. கடந்த 24 மாதங்களில் எந்த வங்கியிலாயினும் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட அட்டைகளைப் பெற்றவரின் விண்ணப்பத்தைச் சேஸ் பொதுவாக நிராகரிக்கிறது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஓர் அட்டைக்கான போனஸை ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையே தரும் விதியைக் கொண்டுவந்தது.

செலவில்லாத செலவு

வீட்டுச் செலவுகளால் மட்டும் வரம்பை எட்ட முடியாத சிலர், பணத்தைச் சுற்றிவரச் செய்து அதையே செலவாகக் காட்டும் உத்திகளைக் கண்டறிந்தனர். ஒரு டாலர் நாணயத்தைப் புழக்கத்தில் பரப்ப விரும்பிய அமெரிக்க அரசு நாணயச்சாலை, 2008 முதல் 250 நாணயங்கள் கொண்ட பெட்டிகளை முக மதிப்புக்கே, அஞ்சல் கட்டணமும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பியது. கடன் அட்டையாலும் பணம் செலுத்தலாம். பெட்டிகளை வரவழைத்தவர்களில் சிலர் அவற்றை அப்படியே வங்கியில் செலுத்தி, அந்தப் பணத்தால் அட்டைக் கடனை அடைத்து, மைல்களை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டனர். நாணயங்கள் புழக்கத்துக்குப் போகாமல் வங்கிகளுக்கே திரும்புவதைக் கண்ட நாணயச்சாலை, 2011 ஜூலையில் இத்திட்டத்தில் கடன் அட்டையை ஏற்பதை நிறுத்தியது.

மற்றொரு நிகழ்வு வரி நீதிமன்றம் வரை சென்றது. ஒரு தம்பதியினர் 2013, 2014 ஆகிய இரு ஆண்டுகளில் மளிகைக் கடைகளிலும் மருந்துக் கடைகளிலும் அட்டையால் பரிசு அட்டைகளை வாங்கி, அவற்றைக் கொண்டு பணவிடைகள் பெற்று, பணவிடைகளை வங்கியில் செலுத்தி, அட்டைக் கடனை அடைத்து, 3 லட்சம் டாலருக்கும் மேல் வெகுமதி ஈட்டினர். பரிசு அட்டை என்பது விலைக்கு வாங்கிய ஒரு பொருள் ஆதலால் அதற்குக் கிடைத்த வெகுமதி விலைத் தள்ளுபடியே, வருமானமன்று என்றும், பணவிடையை நேரடியாக அட்டையால் வாங்கியதற்குக் கிடைத்த வெகுமதி வரிக்கு உட்பட்டது என்றும் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. சாதாரணச் செலவுக்குக் கிடைக்கும் வெகுமதிக்கு அந்நாட்டில் வருமான வரி விதிக்கப்படாததும் இதே தள்ளுபடிக் கோட்பாட்டினால்தான்.

லாபம் கரையும் இடம்

ஆண்டுக் கட்டணம் 95 டாலராகவும், 4,000 டாலர் செலவுக்குரிய போனஸ் 600 டாலராகவும் உள்ள ஓர் அட்டையை எடுத்துக்கொண்டால், வழக்கமாகச் செய்யும் செலவையே அதன் வழியே செய்து முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டுபவருக்கு நிகர லாபம் 505 டாலர். அதே 4,000 டாலரைக் கட்ட இயலாமல் ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டியில் நிலுவை வைப்பவருக்கு மாதந்தோறும் ஏறத்தாழ 80 டாலர் வட்டி ஏறுகிறது. ஏழாவது மாதம் முடிவதற்குள் லாபம் முழுவதும் கரைந்து, அதன்பின் கைப்பணம் போகத் தொடங்குகிறது. போனஸுக்காகத் தேவையற்ற பொருளை வாங்குபவரோ முதல் நாளிலேயே அந்த லாபத்தைக் குறைத்துக்கொள்கிறார்.

கடன் தகுதி மதிப்பெண்ணும் கணக்கில் சேர வேண்டியதே. அமெரிக்காவில் 300 முதல் 850 வரை கணிக்கப்படும் ஃபைக்கோ மதிப்பெண்ணில் தவணை தவறாமைக்கு 35 விழுக்காடும், நிலுவையின் அளவுக்கு 30 விழுக்காடும், புதிய கடன் விண்ணப்பங்களுக்கு 10 விழுக்காடும் இடம் உண்டு. ஆகவே புதிய விண்ணப்பத்தால் மதிப்பெண் சற்றே இறங்கினாலும், தவறவிட்ட ஒரு தவணை விளைவிக்கும் கேடு அதைவிடப் பெரிது. வீட்டுக் கடன் வாங்கவிருப்பவர் அதற்கு முந்தைய மாதங்களில் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்காதிருப்பதே அறிவுடைமை.

விலை கொடுப்பவர்கள்

அட்டைக் கட்டணத்தை ஈடுகட்டக் கடைக்காரர் விலையை உயர்த்தும்போது, அந்த உயர்வை ரொக்கம் கொடுப்பவரும் சேர்ந்தே செலுத்துகிறார். ஆனால் வெகுமதி அவருக்குக் கிடைப்பதில்லை. பாஸ்டன் பெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளியலாளர்கள் 2010இல் செய்த மதிப்பீட்டின்படி, ரொக்கத்தைப் பயன்படுத்தும் சராசரிக் குடும்பம் ஆண்டுக்கு 149 டாலரை இழக்க, அட்டையைப் பயன்படுத்தும் குடும்பம் 1,133 டாலரைப் பெறுகிறது. வருமானம் குறைந்தவர்களே அதிகம் ரொக்கத்தைச் சார்ந்திருப்பதால், இப்பணம் பெரிதும் எளியவரிடமிருந்து வசதி படைத்தவருக்கே போகிறது. தனிமனிதர் ஒருவர் போனஸை மறுத்துவிடுவதால் இது மாறிவிடாது. ஐரோப்பிய ஒன்றியம் செய்ததுபோலக் கட்டணத்தைச் சட்டத்தால் குறைப்பதே இதற்குத் தீர்வு.

அதுவரை, ஒவ்வொரு மாதக் கணக்கையும் கெடுவுக்குள் முழுமையாகக் கட்டும் ஒழுங்கு ஏற்கெனவே கைவந்தவருக்கு மட்டுமே சேர்க்கை போனஸ் உண்மையான வருவாய். அந்த ஒழுங்கு இன்னும் அமையாதவர் வெகுமதியை எண்ணி அட்டை வாங்குவதற்கு முன், இருக்கும் நிலுவையை அடைப்பதே அவருக்கு எந்த வங்கியும் தர இயலாத பெரிய லாபமாகும்.