களனியின் கரையில் கூடாரம்

கித்துல் எனப்படும் கூந்தற்பனையும் கல எனப்படும் பாறையும் கூடிப் பெயர் தந்த ஊர் கித்துல்கல. கொழும்பிலிருந்து அவிசாவளை, யட்டியாந்தோட்டை வழியாக ஹட்டனுக்கு ஏறும் வீதியிலே, கேகாலை மாவட்டம் நுவரெலியா மாவட்டத்தைத் தொடும் இடத்தருகே, களனி கங்கையின் கரையில் அது அமைந்துள்ளது. டேவிட் லீன் நெறிப்படுத்தி 1957ஆம் ஆண்டு வெளிவந்த ‘கிவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட மரப்பாலம் இவ்வாற்றின் மீதே கட்டப்பட்டது. சயாம் நாட்டுக் காடு என்று உலகம் வியந்து பார்த்தது நமது சப்ரகமுவக் காட்டையே!

இன்று இங்கு திரள்வோர் இறப்பர்ப் படகேறித் துடுப்பு வலிக்கவும், கரையிற் கூடாரமடித்து ஓரிரவு தங்கவும் வருகின்றனர். நமது தோட்டங்களிலிருந்தும் விடுமுறை நாட்களில் இளைஞர் வான் பிடித்து வருவதுண்டு. அரிசி, கோழி, அடுப்பு, ஒலிபெருக்கி ஆகியவை கணக்குத் தவறாமல் வந்து சேரும். ஆற்றைப் பற்றிய விசாரணை ஒன்றுதான் வீட்டிலேயே தங்கிவிடும்.

இந்த ஆறு எத்தகையது? மஸ்கெலிய ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கலந்து களனியாகின்றன. இவ்விரு ஓயாக்களையும் மறித்து மேலே மவுசாகலை, காசல்றீ, விமலசுரேந்திர, கெனியன், லக்ஷபான என நீர்த்தேக்கங்கள் நிற்கின்றன. 1950இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கிய காலந்தொட்டு, களனியின் நீர்மட்டம் மழையின் கையில் மட்டும் இருக்கவில்லை. மின்பொறியியலாளர் கையிலும் இருந்துவருகிறது. மாலையில் நாடெங்கும் விளக்கேற்றும் வேளையில் மின்பிறப்பாக்கிகள் முழுவேகங் கொள்ள, அவை உமிழும் நீர் ஆற்றில் இறங்குகிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரையிலான தென்மேற்குப் பருவத்திலோ அணைகள் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்படுவது வழக்கம். கித்துல்கலயில் வெயில் எறித்துக் கொண்டிருக்கலாம். நோட்டன் பிரிட்ஜில் மழை கொட்டிக் கொண்டிருக்கலாம். பகலில் முழங்காலளவு நீரைக் கடந்து சென்று கூடாரமடித்த மணற்றிட்டு இரவில் தீவாகிவிடும். தீவும் பின்னர் இல்லாமற் போகும்.

ஆகவே பயணத் திட்டம் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து தொடங்க வேண்டும். நீர்ப்பாசனத் திணைக்களம் கித்துல்கலயிலேயே நீர்மட்டத்தை அளந்து அறிவிக்கிறது. வான்கதவு திறப்பை இடர் முகாமைத்துவ நிலையம் அறிவிக்கும். அதன் 117 என்ற இலக்கத்தைக் கைப்பேசியிற் பதிந்துகொள்ளல் நன்று. கரையை அடைந்ததும், மரக்கிளைகளில் சிக்கியுள்ள சருகையும் கந்தலையும் அண்ணாந்து பாருங்கள். முன்னைய வெள்ளம் தான் எட்டிய உயரத்தை அங்கே எழுதி வைத்திருக்கும். கூடாரம் அதற்கும் மேலே இருத்தல் வேண்டும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் தடித்தால், சோறு வெந்ததா என்று பார்த்து நிற்றலாகாது.

இவ்வூருக்கு அண்மையிலுள்ள பெலிலென குகையில் ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் தங்கியிருந்ததற்கு அகழ்வாராய்ச்சியாளர் சான்று கண்டுள்ளனர். அவர்கள் தங்கிய இடமும் மலைமேலுள்ள குகையே, ஆற்று மணலன்று!

எனினும் உயரம் மட்டும் காப்பாற்றிவிடாது. 2016ஆம் ஆண்டு மே 17ஆம் திகதி அரநாயக்கவில் மலை சரிந்ததையும், அதே மழையில் புளத்கொஹுப்பிட்டியத் தோட்டக் குடியிருப்பு புதையுண்டதையும் நம் மக்கள் மறக்கவில்லை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தாலே சரிவுகளில் விழிப்பு வேண்டும் என்றும், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்றும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கூறுகிறது. வெட்டிய மண்மேட்டின் அடியிலும், மழைநீர் இறங்கும் ஓடைவாயிலும் கூடாரம் கூடாது.

இனிப் படகு. இங்குள்ள பாய்ச்சல்களுக்குத் தலைவெட்டி, விலாக்கூடு என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர்களை விளையாட்டாகச் சூட்டியிருக்கின்றனர். வழிகாட்டியின்றி இறங்குவோர்க்கு அவை விளையாட்டல்ல. நீரின் வேகம் இரு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். குளத்தில் நீந்தக் கற்றவர் இக்கணக்கை அறியார். மிதவை அங்கி உடலோடு இறுகியிருக்க வேண்டும். தோளைப் பிடித்துத் தூக்கினால் காதுவரை ஏறுமாயின் அது பயனற்றது. படகிலிருந்து விழுந்தவர் எழுந்து நிற்க முயலுதலே பெருந்தவறு. பாறையிடுக்கில் பாதம் சிக்கினால் ஆறு அவரை முகங்குப்புற அழுத்திவிடும். மல்லாந்து, கால்களை நீரோடும் திசைக்கு நீட்டி, விரல்கள் நீருக்கு மேலே தெரிய மிதந்து வருதலே முறை. வீழ்ந்து கிடக்கும் மரம் பாறையினும் கொடியது. நீரை வடியவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளும். ஒருவர் தத்தளிக்கையில் நண்பர் பாய்வதாலேயே இரண்டு சாவுகள் நேர்கின்றன. கரையில் ஒரு நீண்ட கயிறு ஆயத்தமாயிருக்கட்டும். மது அருந்தியவர் அன்று படகேறக் கூடாது.

திரும்பிய பின்னும் ஒரு கவனம் வேண்டும். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் எலிக்காய்ச்சல் நிலைகொண்ட நோய். இரண்டொரு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் கண்டால், ஆற்றில் இறங்கிய செய்தியை வைத்தியரிடம் மறவாது சொல்ல வேண்டும்.

நீர் நம்மோடு முடிவதில்லை. அம்பத்தலையில் இதே களனியிலிருந்து கொழும்பு மாநகரின் குடிநீரிற் பெரும்பங்கு எடுக்கப்படுகிறது. மலங்கழிக்க ஆற்றிலிருந்து 200 அடியாவது விலகிக் குழி தோண்ட வேண்டும். பாத்திரங்கழுவிய சவர்க்கார நீரும் அவ்வாறே விலகி மண்ணிற் சேரட்டும். எதிர்க்கரையிலுள்ள மாகந்தாவ வனம் அரசின் ஒதுக்கு வனம். அங்கே அனுமதியின்றித் தங்குவதும் தீ மூட்டுவதும் ஆகா.

கொழும்பு தொலைவில் இருக்கிறது. தோட்டத்து லயங்களோ அருகில் இருக்கின்றன. பால்வெட்டும் கொழுந்தெடுப்பும் முடித்து வரும் பெண்கள் குளிக்கவும் துணி துவைக்கவும் இறங்கும் துறைகள் இக்கரையெங்கும் உண்டு. எந்தத் துறை யாருடையது என்று தோட்டத்திலே ஒரு வார்த்தை கேட்டறிந்த பின்னரே கூடாரத்தின் முதல் முளையை அறைய வேண்டும். அந்தி வேளையில் ஒலிபெருக்கியோடு நாம் துறையை மறித்தால், அவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்கள்?