பயணியின் பையில் ஒரு கணினி

சட்டைப்பையில் வைத்து எடுத்துச் செல்லத்தக்க கணினி என்றால் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஸ்மார்ட்போன்தான். ஆயினும் அலைபேசி பரவலாவதற்கு முன்பே, 1980களின் நடுப்பகுதியிலிருந்து 2000ஆம் ஆண்டையொட்டிய காலம் வரை, தொலைபேசி வசதி ஏதுமின்றி, விசைப்பலகையும் திரையும் நினைவகமும், எழுதுவதற்கும் கணக்கிடுவதற்கும் நாட்குறிப்பு வைத்துக்கொள்வதற்கும் உரிய மென்பொருள்களும் கொண்ட சிறு கணினிகளின் மரபு ஒன்று செழித்திருந்தது. பயணத்தில் இருப்பவருக்கு மின்சாரமும் தொலைத்தொடர்பும் கிடைக்காத நேரமே மிகுதி என்பதை மனத்தில் கொண்டுதான் அம்மரபின் பொறியாளர்கள் தங்கள் கருவிகளின் ஒவ்வோர் உறுப்பையும் அமைத்தனர். வேகத்திலும் நினைவாற்றலிலும் இன்றைய கருவி அவற்றை எங்கோ பின்தள்ளிவிட்டது; ஆனால் அந்த அடிப்படை எண்ணத்தை அது கைவிட்டுவிட்டதால், அதை ஈடுசெய்யும் பொறுப்பு முழுவதும் பயணியின்மேல் வந்து விழுந்திருக்கிறது.

கையடக்கக் கருவியை நம்பிப் பயணம் செய்தவர்களின் வரலாறு விண்வெளியையும் தொட்டு நிற்கிறது. கட்டளைகளைச் சிறு காந்த அட்டைகளில் பதிந்து வைத்துக்கொள்ளக்கூடிய எச்பி-65 என்ற கணக்கிடும் கருவியை ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம் 1974இல் வெளியிட்டது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் 1975 ஜூலையில் இணைந்து நடத்திய அப்பல்லோ-சோயுஸ் பயணத்தில், விண்கலத்தின் கணினி பழுதுபட்டால் பாதைத் திருத்தக் கணக்குகளைச் செய்வதற்கு மாற்றாக இக்கருவியை அமெரிக்க விண்வெளி வீரர்கள் எடுத்துச் சென்றனர். 1981இல் தொடங்கிய விண்ணோடப் பயணங்களில் அதன் வழிவந்த எச்பி-41 வகைக் கருவிகள் இடம்பெற்றன.

எனினும் எழுத்தும் குறிப்பும் முகவரியும் சேர்ந்த முழுமையான பையடக்கக் கணினியைப் பொதுமக்களிடம் கொண்டு சென்ற பெருமை, டேவிட் பாட்டர் 1980இல் லண்டனில் நிறுவிய சயான் நிறுவனத்துக்கே உரியது. அந்நிறுவனம் 1984இல் வெளியிட்ட ஆர்கனைசர் என்னும் கருவியில் செயல்நினைவகம், அதாவது கருவி வேலை செய்யும்போது தகவல்களைத் தாங்கி நிற்கும் இடம், வெறும் 2 கிலோபைட் மட்டுமே இருந்தது. நிலையாகச் சேமிக்க வேண்டியவற்றைத் தனியாகச் செருகும் சிறு பெட்டிகளில் பதிய வேண்டும். அவற்றை முழுவதுமாக அழிக்க வேண்டுமானால் கழற்றிப் புறஊதாக் கதிரில் வைக்க வேண்டும். இத்தனை வசதிக்குறைவோடு தொடங்கிய கருவி, 1991இல் வந்த மூன்றாம் வரிசையில் மூக்குக்கண்ணாடிக் கூடுபோல் திறந்து மூடும் வடிவத்தையும், 1997இல் வந்த ஐந்தாம் வரிசையில் விரல்களால் தட்டச்சு செய்யத்தக்க உண்மையான விசைப்பலகையையும் பெற்றது. மார்ட்டின் ரிட்டிஃபோர்டு வடிவமைத்த அந்த ஐந்தாம் வரிசைக் கருவியைத் திறக்கும்போது விசைப்பலகை முன்னோக்கி நகர, திரை பின்னால் சாய்ந்து அதன்மேல் படிந்து நிற்கும். எழுதுகோலால் திரையைத் தொட்டாலும் கருவி பின்புறமாகக் கவிழாது. ரயில் பெட்டியின் குறுகிய மேசையிலும் மடியிலும் வைத்து எழுதுபவருக்கு இது எத்தகைய உதவி என்பது, கைப்பேசியில் நீண்ட கட்டுரை எழுத முயன்ற எவருக்கும் புரியும்.

பையடக்கக் கணினிக்கு ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. அலுவலகங்களில் அன்று வழங்கிய மேசைக்கணினிகளின் டாஸ் இயங்குதளத்தையே, லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கேட்டு மென்பொருளோடு சேர்த்து, உள்ளங்கையில் அடங்கும் எச்பி 95எல்எக்ஸ் என்னும் கருவிக்குள் 1991இல் அது பொருத்திக் காட்டியது. 1994இல் வெளிவந்த எச்பி 200எல்எக்ஸ் அவ்வரிசையின் உச்சம்: எடை சுமார் 300 கிராம், நீளம் 16 சென்டிமீட்டர், நுண்செயலியின் வேகம் 8 மெகாஹெர்ட்சுக்குச் சற்றே குறைவு. மேசையில் தயாரித்த கணக்கேட்டை அப்படியே எடுத்துச் சென்று விமான நிலையத்தில் திருத்த முடிந்ததனால், கணக்காளர்களும் பொறியாளர்களும் மருத்துவர்களும் அதை விட மனமின்றிப் பயன்படுத்தினர். 1999இல் உற்பத்தி நின்றபின்னும் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து வைத்துக்கொண்டவர்கள் பலர்.

இக்கருவிகளின் மின்சார ஏற்பாட்டைச் சற்று விரிவாகக் காண்பது தகும். கடைவீதியில் பென்சில் பேட்டரி என்று கேட்டு வாங்கும் ஏஏ வகை மின்கலங்கள் இரண்டே இவற்றுள் பெரும்பாலானவற்றை இயக்கின. எச்பி 200எல்எக்ஸ் மிதமான பயன்பாட்டில் அவ்விரண்டையும் கொண்டே சில வாரங்கள் ஓடியது. இதற்குக் காரணங்கள் உண்டு. திரையின் பின்னால் விளக்கு கிடையாது. மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பியே அது எழுத்தைக் காட்டியது. ஒரு விசையை அழுத்தியதற்கும் அடுத்த விசையை அழுத்துவதற்கும் இடையே கிடைக்கும் நொடிப்பொழுதில்கூட நுண்செயலி தன் வேலையை நிறுத்தி ஓய்ந்திருந்தது. மென்பொருள்கள் அழியா நினைவகத்திலேயே பதிந்திருந்ததாலும், அணைத்தபோதும் செயல்நினைவகம் தகவலைத் தாங்கி நின்றதாலும், அணைத்த கருவியை மீண்டும் இயக்கியவுடன், விட்ட இடத்திலேயே, விட்ட சொல்லிலேயே எழுத்தைத் தொடரலாம். முதன்மை மின்கலங்களை மாற்றும் சில நிமிடங்களில் எழுதியவை அழிந்துவிடாதபடி காக்க, நாணய வடிவிலான சிறு மின்கலம் ஒன்று தனியே இருந்தது. கடும் வெயிலில் தெளிவாகத் தெரிந்த அத்திரை இரவுப் பயணத்தில் விளக்கணைத்த பெட்டிக்குள் பயன்படாது என்பது உண்மையே. ஆனால் எந்த நாட்டின் எந்தச் சிற்றூரிலும், மின்செருகியின் வடிவம் எதுவாயினும், பெட்டிக்கடை ஒன்று இருந்தால் போதும், கருவிக்கு உயிர் கிடைத்துவிடும் என்ற உறுதி அக்குறையைவிடப் பெரிது.

பயணிக்கென்றே அமைந்த மென்பொருள்களும் அவற்றில் இருந்தன. சயான் மூன்றாம் வரிசையில் உலக நகரங்களின் பட்டியல் ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. ஒரு நகரத்தைத் தேர்ந்தெடுத்தால் அங்கு அப்போதைய நேரம், சூரியன் எழும் மறையும் வேளை, புறப்பட்ட ஊரிலிருந்து அதன் தொலைவு, அதற்குரிய தொலைபேசிக் குறியீடு ஆகியவற்றைக் கருவியே காட்டும். ஒரு முகவரியைத் தேர்ந்தெடுத்துக் கருவியின் ஒலிபெருக்கியைத் தொலைபேசியின் பேசும் முனையருகே பிடித்தால், எண்களுக்குரிய ஒலிகளை அதுவே எழுப்பி அழைப்பைத் தொடுத்துவிடும்.

தகவல் தொடர்புதான் பெரும்பாடாக இருந்தது. மின்னஞ்சல் அனுப்ப விரும்பியவர், கணினியின் எண்முறைத் தகவலை ஒலியாக மாற்றித் தொலைபேசிக் கம்பியில் செலுத்தும் மோடம் என்ற கருவியை உடன் சுமக்க வேண்டும். நாட்டுக்கு நாடு மாறும் தொலைபேசிச் செருகிகளுக்குரிய இணைப்பிகளையும் சுமக்க வேண்டும். சில விடுதிகளின் எண்முறை உள்தொலைபேசி அமைப்பில் செருகினால் மோடமே கெட்டுப்போகும் ஆபத்தும் இருந்தது. செருகியே இல்லாத இடங்களில், தொலைபேசிக் கைப்பிடியின் இரு முனைகளிலும் ரப்பர்க் குமிழ்களைப் பொருத்தி ஒலி வழியாகவே தகவலைக் கடத்தும் இணைப்பி உதவியது. 1990களின் பிற்பகுதியில் அலைபேசியையும் பையடக்கக் கணினியையும் எதிரெதிரே வைத்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரால் இணைக்கும் முறை வந்தது. அப்போதைய அலைபேசி வழித் தகவல் வேகம் நொடிக்கு 9,600 பிட். இன்று ஒரு கைப்பேசி எடுக்கும் 3 மெகாபைட் அளவிலான ஒரே ஒரு படத்தை அவ்வழியில் அனுப்ப 40 நிமிடங்களுக்கு மேல் ஆகும். ஆகவே பயணிகள் எழுதுவதையும் படிப்பதையும் இணைப்பின்றிச் செய்துவிட்டு, நாளுக்கு ஒருமுறை சில நிமிடங்கள் மட்டும் இணைந்து, அஞ்சல்களை அனுப்பியும் பெற்றும் துண்டித்துக்கொண்டனர். அந்த ஒழுங்கு தட்டுப்பாட்டில் பிறந்ததுதான் என்றாலும், இன்றைய பயணிக்கும் அது முற்றிலும் பொருந்தும்.

சயான், எச்பி ஆகிய இவ்விரு மரபுகளையும் பின்னுக்குத் தள்ளியது 1996இல் வந்த பைலட், பின்னாளில் பாம் எனப் பெயர்பெற்ற கருவி. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி பிறப்பதற்கு முன்பே அதன் அளவில் ஒரு மரத்துண்டைச் சட்டைப்பையில் சுமந்து, யாரேனும் சந்திப்புக்கு நேரம் கேட்டால் அதில் குறிப்பது போல் நடித்துப் பார்த்து, எவை தேவை, எவை வேண்டாதவை என்று முடிவு செய்தார். அதே ஆண்டு வந்த நோக்கியா 9000 கம்யூனிகேட்டர் அலைபேசியையும் விசைப்பலகைக் கணினியையும் ஒரே உடலில் சேர்த்தது. எடை 397 கிராம். சயான் உருவாக்கிய இயங்குதளம் 1998இல் நோக்கியா, எரிக்சன் முதலிய நிறுவனங்களும் பங்கேற்ற சிம்பியன் என்ற புதிய நிறுவனத்துக்குச் சென்று, அடுத்த பத்தாண்டில் கோடிக்கணக்கான அலைபேசிகளை இயக்கியது. சயான் நிறுவனமோ 2001இல் பையடக்கக் கணினித் தொழிலிலிருந்தே விலகிக்கொண்டது.

இன்றைய ஸ்மார்ட்போன் இக்கருவிகளின் வழித்தோன்றலே. ஆனால் அதன் செயலிகளுள் பெரும்பாலானவை இணைய இணைப்பு எப்போதும் உண்டு என்ற நம்பிக்கையில் எழுதப்படுகின்றன. மலைப்பாதையிலும் சுரங்கப்பாதையிலும் நடுக்கடலிலும் வெளிநாட்டு விமான நிலையத்தின் முதல் அரைமணி நேரத்திலும் அந்த நம்பிக்கை பொய்க்கிறது. அப்போது பயணச்சீட்டும் வரைபடமும் விடுதி முகவரியும் ஒருசேர மறைந்துபோகின்றன.

வரைபடத்தைப் பொறுத்தவரை அவ்வாறு மறைய வேண்டிய தேவையே இல்லை. இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ் அமைப்புக்கு இணையம் வேண்டியதில்லை; பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் குறிகளைக் கைப்பேசி கேட்கிறது, அவ்வளவே. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறிகள் வந்து சேர்ந்த நேர வேறுபாட்டைக் கொண்டு தன் இடத்தை அது கணக்கிட்டுவிடும். இணையத்தின் உதவி இருந்தால் செயற்கைக்கோள்களின் பாதை விவரம் உடனே கிடைக்கிறது. இல்லாவிட்டால் நொடிக்கு 50 பிட் என்ற மிக மெதுவான வேகத்தில் அவ்விவரத்தை வானிலிருந்தே பெற வேண்டியிருப்பதால், வெட்டவெளியில் சில நிமிடங்கள் பொறுத்திருக்க நேரலாம். இணையம் தேவைப்படுவது வரைபடத்தின் படத்துக்குத்தான். தன்னார்வலர்கள் 2004 முதல் உருவாக்கிவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைக் கொண்ட செயலிகளிலும், கூகுள் மேப்ஸ் செயலியிலும் வேண்டிய பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். சேமிப்பகத்தில் அது பிடிக்கும் இடம் சில ஒளிப்படத் தொகுப்புகளின் அளவே.

மின்கலத்தைத் தின்பதில் வலுக்குறைந்த அலைச்சமிக்ஞைக்குப் பெரும்பங்கு உண்டு. கோபுரம் தொலைவில் இருக்கும்போது கைப்பேசி தன் அலைபரப்பும் வலுவைக் கூட்டுகிறது. கோபுரமே இல்லாதபோது ஓயாமல் தேடுகிறது. நீண்ட மலைப்பயணத்தில் விமானப் பயன்முறைக்கு, அதாவது எல்லா அலைத்தொடர்பையும் நிறுத்தும் நிலைக்கு, மாற்றிவிட்டால் மின்னூட்டம் வெகுநேரம் தாங்கும். பெரும்பாலான கைப்பேசிகளில் அப்போதும் ஜிபிஎஸ் இயங்கும். கூடுதல் மின்னூட்டத்துக்குப் பவர் பேங்க் எடுத்துச் செல்பவர்கள் விமானத்தில் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். லித்தியம் மின்கலம் தீப்பற்றினால் சரக்கறைக்குள் அதை அணைக்க யாரும் செல்ல முடியாது என்பதே காரணம். பொதுவாக அனுமதிக்கப்படும் அளவு 100 வாட்-மணி. 20,000 மில்லியாம்பியர்-மணி என்று குறித்த பவர் பேங்க், அதன் மின்கலத்தின் 3.7 வோல்ட் அழுத்தத்தோடு பெருக்கினால், 74 வாட்-மணி கொண்டதாகும்.

நேர வேறுபாட்டில் நிகழும் பிழை இன்னும் நுட்பமானது. சென்னையில் இருந்தபடி, சிங்கப்பூரில் காலை 10 மணிக்கு நடக்கவிருக்கும் சந்திப்பை, எந்த ஊரின் நேரம் என்று குறிக்காமல் நாட்காட்டியில் பதிந்தவருக்கு, அங்கு இறங்கியதும் கைப்பேசி அதைப் பகல் 12.30 என்று மாற்றிக் காட்டும். இரண்டரை மணி நேரம் தாமதமாகச் சென்று நிற்க வேண்டியதுதான். பதியும்போதே அச்சந்திப்புக்குரிய நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுப்பது ஒன்றே இதற்கு வழி. விமானச் சீட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்கள் என்பதையும் மறக்கலாகாது.

பணம், சீட்டு, வழி, அடையாளம் அனைத்தையும் ஒரே கருவியிடம் ஒப்படைப்பதே இன்றைய முறையின் மிகப் பெரிய வலுவின்மை. சயான் கருவியைத் தொலைத்தவர் தம் குறிப்புகளை இழந்தார். ஸ்மார்ட்போனைத் தொலைத்தவர் பயணத்தையே இழக்கிறார். எனவே பயணச்சீட்டின் பிஎன்ஆர் எண், தங்குமிடத்தின் முகவரி, வீட்டார் இருவரின் தொலைபேசி எண்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, சிறிது ரொக்கத்தோடும் மூல அடையாள அட்டையோடும் கைப்பேசி இல்லாத வேறொரு பையில் வைப்பது கட்டாயம். புறப்படுவதற்கு முந்தைய நாள் இரவு, வீட்டிலிருந்தபடியே கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டு, சீட்டு, வரைபடம், முகவரி, படிக்க வேண்டிய நூல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். திறக்காதது எதுவோ அதை அன்றிரவே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.