"அவரே சொல்றாரே, அப்பா!"

2023-ஆம் ஆண்டு ஐ.பி.எல். போட்டிகள் நடந்துகொண்டிருந்த சமயம். என் வங்கிக் கணக்கிலிருந்து 49 ரூபாய், 99 ரூபாய் என்று சிறு சிறு தொகையாகப் பணம் போயிருந்தது. கூட்டிப் பார்த்தால் நாலாயிரத்துக்கு மேல். விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன், என் கைப்பேசியில், என் பெயரிலேயே, பணம் கட்டி ஆடும் ஒரு கிரிக்கெட் செயலியில் சேர்ந்திருக்கிறான். பதினெட்டு வயது ஆகாதவர்கள் அதில் சேரவே கூடாது. நான் கோபத்தில் கத்தினேன். அவன் சுவரைக் காட்டி, "அவரே விளையாடச் சொல்றாரே, அப்பா" என்றான்.

சுவரில் இருந்தது அவனுக்குப் பிடித்த ஆட்டக்காரரின் படம். அதை மாட்டுங்காவில் வாங்கி வந்து ஒட்டியவன் நான்தான். "அவரைப் பார்த்துக் கத்துக்கோடா" என்று பல முறை சொன்னவனும் நான்தான். எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

விளையாட்டு வீரர்கள் மைதானத்துக்கு வெளியே செய்வதெல்லாம் நம் பிள்ளைகளைப் பாதிக்கிறதா? 'அவர் வேலை ஆடுவது. பிள்ளை வளர்ப்பது பெற்றோர் வேலை' என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் சார்லஸ் பார்க்லி 1993-இல் இதையே சொன்னார். தான் யாருக்கும் முன்மாதிரி அல்ல, பெற்றோர்தான் முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்றார். அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதை அவர் சொன்னது எங்கே? நைக்கி காலணி விளம்பரத்தில்! அவரைப் பார்த்து இளைஞர்கள் காலணி வாங்குவார்கள் என்று நம்பித்தானே அந்த நிறுவனம் பணம் கொடுத்தது?

வீரர்களின் சொல்லுக்கு மதிப்பு உண்டா என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. மதிப்பு இல்லை என்றால் எந்தக் கம்பெனியும் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டாது.

நம்மில் நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். தொண்ணூறுகளில் இந்திய அணியின் சட்டையில் 'வில்ஸ்' என்ற பெயர் இருந்தது. 1996-இல் இங்கே நடந்த உலகக் கோப்பைக்கே 'வில்ஸ் உலகக் கோப்பை' என்றுதான் பெயர். சிகரெட்டின் பெயர் என்று தெரிந்தும் நாம் அதைப் பெரிதாக எண்ணவில்லை. 2003-இல் வந்த புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் இத்தகைய விளம்பரங்களுக்கும் ஆதரவுகளுக்கும் தடை போட்டது. இன்றைக்குப் பான் மசாலா கம்பெனிகள் அதே பெயரில் 'ஏலக்காய்' விற்கின்றன. அந்த விளம்பரங்களில் முன்னாள் வீரர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

சட்டமும் இப்போது விளம்பரத்தில் தோன்றுபவரைச் சும்மா விடுவதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யான அல்லது தவறான வழிகாட்டும் விளம்பரத்தில் நடிப்பவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஓராண்டு வரை விளம்பரங்களில் தோன்றத் தடையும் போடலாம். சொன்னது உண்மைதானா என்று முன்பே தக்கபடி விசாரித்திருந்தால் அவர் தப்பலாம். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. என் நாலாயிரம் போனது போனதுதான்.

சட்டம் வருவதற்கு முன்பே தாமாக மறுத்தவர்களும் உண்டு. 1996 உலகக் கோப்பையில் மற்ற எல்லோரையும்விட அதிகமாக 523 ரன்கள் குவித்த டெண்டுல்கரின் மட்டையில் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. புகையிலைக் கம்பெனிகள் கேட்டு வந்தும், தந்தைக்குக் கொடுத்த வாக்கை நினைத்து மறுத்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தத் தந்தை நம் மும்பையில் பேராசிரியராகவும் மராத்திக் கவிஞராகவும் இருந்தவர்.

பாட்மின்டன் வீரர் கோபிசந்த் 2001-இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றார். 1980-இல் பிரகாஷ் படுகோன் வென்றதற்குப் பிறகு அதை வென்ற இந்தியர் அவர்தான். குளிர்பான விளம்பரம் தேடி வந்தது. உடம்புக்குக் கெடுதல், நானே குடிப்பதில்லை, மற்றவர்களை எப்படிக் குடிக்கச் சொல்வேன் என்று மறுத்தார். பிற்பாடு ஹைதராபாத்தில் பயிற்சிக்கூடம் கட்டப் பணம் போதாமல் தம் வீட்டையே அடமானம் வைத்தார். அங்கே பயின்ற சாய்னா 2012-லும் சிந்து 2016-லும் ஒலிம்பிக் பதக்கம் வாங்கினார்கள்.

டெண்டுல்கர் குளிர்பான விளம்பரங்களில் நடித்தவர்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். கோபிசந்த் போட்ட கோடு வேறு, டெண்டுல்கர் போட்ட கோடு வேறு. யாரும் முழுப் புனிதர் இல்லை. எங்கேயாவது ஒரு கோடு போட்டுக்கொண்டார்களா என்பதே நம் கேள்வி.

அதற்காக வீரர்களின் வீட்டுக்குள் நாம் எட்டிப்பார்க்க வேண்டியதில்லை. யாரை மணக்கிறார், ஏன் பிரிகிறார், கோயிலுக்குப் போகிறாரா என்பதெல்லாம் அவர் சொந்த விஷயம். ஆனால் தம் புகழைக் காட்டி ஒன்றை விற்கும்போதோ, ஊரறியப் பேசும்போதோ அவர் நம் பிள்ளைகளிடம்தான் பேசுகிறார். 2019-இல் ஹார்திக் பாண்டியாவும் கே.எல். ராகுலும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பெண்களைப் பற்றிப் பேசிய பேச்சுக்காக, ஆஸ்திரேலியப் பயணத்தின் நடுவிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். பின்னர் ஆளுக்கு 20 லட்சம் ரூபாய் அபராதமும் கட்ட நேர்ந்தது. அதற்குப் பிறகு இருவரும் மீண்டும் நாட்டுக்காக ஆடினார்கள். தவறு செய்தால் தண்டனை உண்டு, திருந்தி வர வழியும் உண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இதுவும் ஒரு நல்ல பாடம்தான்.

நம்மைப் போல ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்கு இதில் இன்னொரு கவலையும் இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது பார்த்துக் கற்க மாமா இருந்தார், சித்தப்பா இருந்தார், எதிர்வீட்டு வாத்தியார் இருந்தார். அவர்கள் நல்லதும் தெரியும், கெட்டதும் தெரியும். மாமா கெட்டிக்காரர், ஆனால் சீட்டாடுவார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 'கணக்கை அவர்கிட்டக் கத்துக்கோ, சீட்டை வேண்டாம்' என்று பாட்டி பிரித்துச் சொல்லிவிடுவாள். இங்கே இரண்டு அறை வீட்டில் அந்த மாமாவின் இடத்தில் சுவரில் ஒரு படம் இருக்கிறது. படத்தில் கெட்டது தெரியாது. பிரித்துச் சொல்லப் பாட்டியும் இல்லை. அந்த வேலை நம் தலையில்தான்.

நான் படத்தைக் கிழிக்கவில்லை. அவர் ஆட்டம் இன்றும் எனக்குப் பிடிக்கும். விளம்பரம் வரும்போது மட்டும், "இதைச் சொல்ல இவருக்கு யார் பணம் தர்றாங்க?" என்று மகனைக் கேட்பேன். இப்போதெல்லாம் நான் கேட்பதற்கு முன்பே அவன் கேட்டுவிடுகிறான். நானும் என் பழைய வாக்கியத்தை மாற்றிக்கொண்டேன். "அவரைப் பார்த்து ஆடக் கத்துக்கோடா" என்கிறேன்.