மூன்றாம் வாரத்து வாந்தி

பிறந்த பிள்ளை இரண்டு வாரம் நன்றாகப் பால் குடிக்கும். மூன்றாம் வாரம் வாந்தி, சோர்வு. கண் குழிவிழும், எடை குறையும். நானுஓயா பஸாரிலோ தோட்டத்து லயத்திலோ இப்படி நேர்ந்தால், வீட்டுப் பெரியவர்கள் முதலில் சொல்வது "குளிர் பிடித்துவிட்டது", அல்லது "கண்ணூறு". அபூர்வமாக இது வேறொன்றாகவும் இருக்கலாம். அந்த வேறொன்று சில நாட்களில் உயிரைப் பறித்துவிடும்.

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பிகள், கொலஸ்ட்ரோலிலிருந்து படிப்படியாக ஓமோன்களைச் செய்கின்றன. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதியம் உண்டு. அவற்றில் 21-ஹைட்ரொக்சிலேஸ் பழுதானால், நோயைத் தாங்கவைக்கும் கோட்டிசோலும் உடலில் உப்பை நிறுத்தும் அல்டொஸ்டெரோனும் குறைந்துபோகும். தேங்கிய மூலப்பொருள் ஆண் ஓமோனாக மாறிவிடும்.

இதன் பரம்பரை அலகு 6ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அதனருகிலேயே வேலை செய்யாத போலி ஒன்றும் உண்டு. போலியின் பிழை அசலுக்குள் புகுந்துவிடுவதே பெரும்பாலும் காரணம். பிழையை வாப்பாவும் உம்மாவும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தால்தான் நோய் வரும். அவர்கள் இருவரும் சுகமாகவே இருப்பார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமி மகளை முடிப்பது மார்க்கத்தில் ஆகுமானதுதான், கட்டாயமல்ல. ஒரே பாட்டனாரின் பிழை இரு பக்கமும் இறங்க அங்கே இடம் அதிகம். மருமகளை மட்டும் குறை சொல்லும் மாமிமார் இதைக் கவனிக்க வேண்டும்.

பெண் பிள்ளைக்குக் கர்ப்பப்பையும் சூலகமும் சரியாகவே இருக்கும். வெளியுறுப்பு மட்டும் ஆணைப்போலத் தோன்றலாம். 1865இல் நேப்பிள்ஸில் தெ கிரெக்கியோ என்ற வைத்தியர், ஆணாகவே வாழ்ந்து மரித்த ஒருவரின் உடலைச் சோதித்தபோது, உள்ளே கர்ப்பப்பையைக் கண்டார். ஆகவே ஏழாம் நாள் பெயர் வைக்குமுன் ஒரு வார்த்தை: "ஆண்" பிள்ளையின் இரு விதைகளும் கைக்குத் தட்டுப்படவில்லையென்றால், ஸ்கேனும் நிறமூர்த்தப் பரிசோதனையும் முடியும்வரை சுன்னத்துச் செய்யவே கூடாது. வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவ மாதிடம் காட்டுங்கள். ஆண் பிள்ளைக்கோ வெளியே அடையாளமே இராது. வாந்திதான் முதல் செய்தி. உடனே நுவரெலியா வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், இரத்தத்தில் உப்பைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

1950 முதல் இதற்கு மருந்து உண்டு. ஹைட்ரோகோட்டிசோனும் ஃப்ளூட்ரோகோட்டிசோனும் நாள்தோறும் கொடுத்தால் பிள்ளை படிக்கும், விளையாடும், வளர்ந்து குடும்பம் நடத்தும். காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகோட்டிசோனை வைத்தியர் சொன்னபடி இரண்டு மூன்று மடங்காக்க வேண்டும். மாத்திரை வாந்தியாகிவிட்டால் ஊசிதான். நோன்பு பிடிக்கும் வயது வந்ததும் வைத்தியரைக் கேளாமல் பிடிக்க விடாதீர்கள். நோயாளிக்குக் குர்ஆனிலேயே சலுகை இருக்கிறது.

மழைக்கு மண்சரிந்து பாதை மூடுகிற மலைநாடு இது. மாத்திரை தீர்ந்த பிறகு வாங்கலாம் என்றிராமல், ஒரு மாதத்துக்கானதை எப்போதும் வீட்டில் வைத்திருங்கள்.