இலைக்குள் குடியிருக்கும் பூஞ்சையில் புது மருந்து தேடுகிறார்கள்!

கறவை மாட்டுக்கு மடிநோய் கண்டால், ஊசி போட்ட நாலைந்து நாளில் பால் தெளிந்துவிடும் என்பது பழைய அனுபவம். இப்போது பல கொட்டகைகளில் அதே ஊசி போட்டும் மடி வீக்கம் வற்றுவதில்லை. காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டது. மனிதர்களுக்கும் இதே நிலைதான். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

புது மருந்துக்காக விஞ்ஞானிகள் தேடும் இடங்களில் ஒன்று, மர இலையின் உட்புறம். இலைச்சாற்றை அல்ல, இலைக்குள் வாழும் பூஞ்சைகளைத் தேடுகிறார்கள். இவற்றுக்கு அகவாழ் பூஞ்சைகள் என்று பெயர்.

பூஞ்சை என்றதும் விவசாயிக்கு நெல் குலைநோயும் நிலக்கடலைத் துருநோயும்தான் நினைவுக்கு வரும். இவை அந்த ரகமல்ல. இலை, தண்டு, பட்டை, வேர் என எங்கும் இருந்தாலும், செடியில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. உள்ளே இடத்துக்கும் உணவுக்கும் போட்டி. அந்தப் போட்டியில் மற்ற நுண்ணுயிர்களை விரட்டச் சில வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. டிரைக்கோடெர்மா விரிடி போட்டு வேரழுகலை அடக்கியவர்களுக்கு இது எளிதில் புரியும்.

வாரணாசி வேப்பமரங்களின் பட்டை, தண்டு, இலையில் வாழும் பூஞ்சைகளைப் பற்றிய ஆய்வு 2007-ல் வெளியானது. நீலகிரிக் காட்டு மரங்களின் இலைகளிலும் இத்தகைய பூஞ்சைகளைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். ஹோண்டுராஸ் நாட்டில் இலவங்கப்பட்டை மரத்தில் கிடைத்த மஸ்கோடர் ஆல்பஸ் என்ற பூஞ்சை, தன்னிடமிருந்து வரும் ஆவியாலேயே பல பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் கொல்கிறது.

பிரித்தெடுக்கும் முறை இதுதான். இலையைக் கழுவி, ஆல்கஹாலிலும் பிளீச்சிங் கரைசலிலும் நனைத்து, மேலே ஒட்டியுள்ள கிருமிகளைக் கொல்கிறார்கள். பிறகு சிறு துண்டுகளாக வெட்டி, உருளைக்கிழங்குச் சாறு கலந்த கூழ்மத்தட்டில் வைக்கிறார்கள். வெட்டுவாயிலிருந்து பூஞ்சை இழை கிளம்பும். அதைத் தனியே வளர்த்துச் சாறெடுத்து, பாக்டீரியா பரப்பிய தட்டில் வைத்தால், பலன் உள்ள இடத்தைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வட்டம் விழும்.

ஆனால், தட்டில் வட்டம் விழுந்தாலே அது மருந்தாகிவிடாது. தட்டில் உள்ள கிருமியைப் பினாயில்கூடத்தான் கொல்லும்! உடம்புக்குள் கெடுதல் செய்யாமல் வேலை செய்ய வேண்டும். தவிர, ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்தால், சில பூஞ்சைகள் அந்தப் பொருளைச் சுரப்பதையே குறைத்துவிடுகின்றன. 1928-ல் கண்டறிந்த பென்சிலினே 1940-களில்தான் நோயாளிகளுக்குக் கிடைத்தது. எனவே, 'வேப்பிலைக்குள்ளேயே மருந்து இருக்கிறதே' என்று அரைத்துப் பூசிவிட்டு, சீழ் வைத்த புண்ணுக்கு மருத்துவரைப் பார்க்காமல் இருப்பது ஆபத்து. இலையில் இருக்கும் பூஞ்சையின் அளவு மிகச் சொற்பம்.

புது மருந்து வந்தாலும், கண்டபடி போட்டால் கிருமி அதற்கும் பழகிவிடும். மனிதர்களுக்குக் கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழித் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலந்துவந்தார்கள். உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கு அதைக் கொடுக்க, 2019-ல் மத்திய அரசு தடைவிதித்தது.

மடிநோய்க்கு மருத்துவர் ஐந்து நாள் ஊசி சொன்னால், மூன்றாம் நாள் பால் தெளிந்துவிட்டது என்று நிறுத்தக் கூடாது. மீந்த மருந்தைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுப்பதும் தவறு. ஊசி போடும் நாள்களிலும், அதன்பிறகு மருத்துவர் சொல்லும் நாள்வரையிலும் அந்த மாட்டுப் பாலை வீட்டுக்கும் எடுக்கக் கூடாது, சொசைட்டிக்கும் ஊற்றக் கூடாது. எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும். ஊசி போடும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.